ஒற்றைக்கால் கவை

கவை என்பது நம் மொழியின் பழஞ்சொற்களுள் ஒன்று. கிளை இரண்டாகப் பிரியும் இடம் கவை. வேலிக்கு முள் தள்ள உழவர் கையில் வைத்திருக்கும் பிளவுபட்ட கோல் கவைக்கோல். சிறுவர் கையில் ரப்பர் பட்டையோடு சேரும்போது அது கவட்டையாகிறது. மிதிவண்டியின் முன்சக்கரத்தை இருபுறமும் பற்றி நிற்கும் உறுப்பை 'முன்கவை' என்று சொல்வதே பொருத்தம் என்று எண்ணியிருந்தோம். 2023 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் எங்கள் பட்டறை மேசைமேல் அத்தகைய உறுப்பு ஒன்று வந்து கிடந்தபோது அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்கு ஒரு கால்தான் இருந்தது.

'எங்கள்' என்று எழுதுவதற்கு விளக்கம் தேவை. நாங்கள் அண்ணன் தம்பி இருவர். மூத்தவர் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு 1982 இல் கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர்; பின்னாளில் அதே தெருவில் சொந்தமாக ஒரு லேத்து போட்டவர். இளையவன் அந்த லேத்தின் வருமானத்தில் முதுகலைத் தமிழ் படித்து, இன்று ஒரு கல்லூரியில் விரிவுரையாளனாக இருப்பவன். இதை எழுதும் கை இளையவனுடையது. ஆனால் இதில் சொல்லப்படும் வேலை இருவருடையது. ஆகவே 'நான்' என்று எழுத மனம் வரவில்லை.

அந்த ஒற்றைக்கால் உறுப்பு மூத்தவருடைய மகனுக்குச் சொந்தமானது. பெங்களூரில் வேலை பார்க்கும் அவன் 2019 இல், ஒருவர் ஓட்டிக் கழித்த அமெரிக்க மலைமிதிவண்டி ஒன்றை வாங்கினான். ஞாயிறுதோறும் நகருக்கு வெளியே உள்ள குன்றுகளில் ஏறி இறங்குவான். 2022 ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு விடியற்காலை, சரக்கு வண்டி ஒன்று பின்னாலிருந்து அவனை மோதிவிட்டது. சாலையோரப் புதரில் விழுந்ததால் உயிர் பிழைத்தான். வலது மணிக்கட்டு நொறுங்கி, தகடும் திருகாணிகளும் வைத்துச் சேர்த்தார்கள். மிதிவண்டியின் பின்சக்கரம் வளையமாகச் சுருண்டு, அலுமினியச் சட்டகத்தின் பின்பகுதி நசுங்கி, மேற்குழாய் மடங்கிப் போயிற்று. அடி முழுவதும் பின்னால் விழுந்ததால் முன்பக்கம் மட்டும் தப்பியது.

எட்டு மாதங்கள் கழித்து மருத்துவர் மிதிவண்டி ஓட்ட இசைவளித்தார். கூடவே ஓர் எச்சரிக்கை: அந்த மணிக்கட்டு இனி அதிர்ச்சிகளை நேரடியாக வாங்கக்கூடாது. மகன் கேட்டது ஒன்றுதான். "அப்பா, அந்த ஃபோர்க்க மட்டும் தூக்கிப் போட்டறாதீங்க. அதுக்கு ஒரு ஃபிரேம் செஞ்சு தர முடியுங்களா?"

அண்ணியார் அடுக்களையிலிருந்தே பதில் சொன்னார்: "அந்த வண்டி இந்த வாசப்படி ஏறக்கூடாது."

*

அந்த உறுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

மலைமிதிவண்டிகளில் அமுங்கி எழும் முன்கவைகள் பரவலானது 1990 ஆம் ஆண்டை ஒட்டித்தான். பெரும்பாலானவை மோட்டார் சைக்கிளைப் பின்பற்றியவை: இரண்டு கால்கள், ஒவ்வொன்றிலும் குழாய்க்குள் குழாய். ஆனால் 1971 இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய கேனன்டேல் நிறுவனம் வேறொரு வழியில் போயிற்று. (ஓர் ஊரின் சிறு தொடர்வண்டி நிலையத்தின் பெயர்தான் நிறுவனத்தின் பெயராயிற்று.) முதலில், 1990களின் தொடக்கத்தில், அமுங்கும் பொறியைக் கால்களிலிருந்து எடுத்துக் கைப்பிடிக்குக் கீழே தலைக்குழாய்க்குள் வைத்தார்கள். பிறகு 2000 ஆம் ஆண்டை ஒட்டி, அதே பொறியைப் பெரிதாக்கி இடப்பக்கத்தில் ஒற்றைக் காலாக நிறுத்தினார்கள். வலப்பக்கம் வெறுமை. இடக்காலி என்று பொருள்படும்படி 'லெஃப்டி' என்று பெயர்.

முதல்முறை பார்ப்பவர் எவரும் கேட்கும் கேள்வியைத்தான் இளையவனும் கேட்டான்: "ஒத்தக் கால்ல எப்படிங்கண்ணா நிக்கும்?"

மூத்தவர் சிரித்தார். "சேத்தக் ஸ்கூட்டர் எத்தனை காலுல நின்னுது?"

உண்மைதான். பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரை எத்தனை ஆண்டுகள் தெருவில் பார்த்திருக்கிறோம்! அதன் முன்சக்கரம் ஒரு பக்கத்து அச்சில்தான் மாட்டப்பட்டிருந்தது. அதன் மூலமான இத்தாலிய வெஸ்பாவை 1946 இல் வடிவமைத்த கொர்ராதினோ தாஸ்கானியோ வானூர்திப் பொறியாளர். வானூர்தியின் இறங்குசக்கரம் ஒற்றைக் காலில் நிற்பதைத்தான் அவர் தரைக்குக் கொண்டுவந்தார். காரின் சக்கரமும் ஒருபக்க அச்சில்தான் சுழல்கிறது. இரு கால் வேண்டும் என்பது மிதிவண்டியின் பழக்கமே தவிர இயற்பியலின் கட்டளையன்று.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. உருண்டையான குழாய்க்குள் உருண்டையான குழாய் நழுவும். நழுவும்போதே சுழலவும் செய்யும். இரண்டு கால்கள் இருந்தால் ஒன்றையொன்று பிடித்து நிறுத்திக்கொள்ளும். ஒற்றைக் கால் சுழன்றால் கைப்பிடி ஒரு திசையிலும் சக்கரம் மற்றொரு திசையிலும் போகும். இதற்கு அவர்கள் கண்ட விடை, உள்குழாயின் மேற்பகுதியைச் சதுரமாக்குவது. நான்கு தட்டையான முகங்கள். ஒவ்வொரு முகத்திலும் ஊசிபோல் மெலிந்த உருளைகள் 22, ஆக மொத்தம் 88. அந்த உருளைகளின்மேல் கால் ஏறி இறங்குகிறது, சதுரமாதலால் சுழலாது. மூத்தவர் காலைக் கழற்றி அந்த உருளைப் பட்டைகளைக் கண்டபோது வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "யாரோ லேத்துல நின்னவன்தான் யோசிச்சிருக்கோணும்" என்றார். அவர் அறிந்த மிக உயர்ந்த பாராட்டு அது.

அந்த ஊசி உருளைகளுக்கு ஒரு குணக்கேடும் உண்டு. ஓட்ட ஓட்ட அவற்றின் கூண்டுகள் மெல்ல மெல்ல இடம் நகர்ந்துவிடும். கால் முழு நீளத்துக்கு நீளாது. அவ்வப்போது பிரித்துக் கூண்டுகளைப் பழைய இடத்தில் தள்ளிவைக்க வேண்டும். அதைச் செய்தோம். காலையும் அச்சையும் 'வி-பிளாக்'கில் கிடத்தி, டயல் கேஜ் வைத்து உருட்டிப் பார்த்தோம். கோணல் இல்லை. உறுப்பு நலமாக இருக்கிறது என்று முடிவாயிற்று.

*

நலமாக இருக்கிறது, ஆனால் எதிலும் பொருந்தாது. தனக்கென்று தனி அளவு வகுத்துக்கொண்ட பொருள்களின் விதி அது.

இன்று உலகின் மிகப் பல மிதிவண்டிகளில் முன்கவையின் கழுத்துக்குழாய் ஒன்றே அரைக்கால் அங்குலம், அதாவது 28.6 மில்லிமீட்டர். எங்கள் கையில் இருந்ததோ ஒன்றரையே வீசம் அங்குலம், 39.7 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. இளையவன் இந்தப் பழைய பின்ன வாய்பாட்டைப் பெருமையோடு சொன்னபோது மூத்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "ஒன்றரை அங்குலம் அரை நூல்னு சொல்லு" என்றார். எட்டில் ஒரு பங்கு அங்குலம் ஒரு நூல். பதினாறில் ஒன்று அரை நூல். அரைக்காலும் வீசமும் எங்கள் வகுப்பறைகளில் தேர்வுக்கான சொற்களாகிவிட்ட பிறகும் நூல் பட்டறையில் உயிரோடு இருக்கிறது.

பருமன் மட்டுமன்று வேறுபாடு. சாதாரண மிதிவண்டியில் தலைக்குழாய்க்குள் முதலில் கிண்ணங்களை இறக்கி, கிண்ணத்துக்குள் பேரிங்குகளை வைப்பார்கள். இதில் கிண்ணம் கிடையாது. ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் பருமனுள்ள பேரிங் நேராகச் சட்டகத்துக்குள்ளேயே இறங்கும். கிண்ணத்தில் தவறு நேர்ந்தால் கிண்ணத்தை மாற்றலாம். இங்கே தவறினால் சட்டகமே வீண். மேலும் ஒற்றைக்காலைத் தலைக்குழாயின் கீழே ஒரு பற்றியும் மேலே ஒரு பற்றியும் பிடித்து நிற்பதால், தலைக்குழாயின் நீளத்தையும் நம் விருப்பப்படி வைக்கமுடியாது. சக்கரத்தின் குடமும் தனி வகை: ஒருபக்க அச்சுக்கேற்ப, காலை ஒட்டிய பேரிங் பெரிது, வெளிப்பக்கத்தது சிறிது. தடையும் வட்டத்தட்டுத் தடை மட்டுமே. அதை அவிழ்க்காமல் சக்கரத்தைக் கழற்றவும் முடியாது. (மறுபுறம் திறந்தே கிடப்பதால், பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம் என்பது அதன் ஈடு.)

இத்தகைய ஒற்றைக்காலைச் சாதாரணச் சட்டகத்தில் மாட்டுவதற்கென்று மெலிந்த மாற்றுக் கழுத்துக்குழாய்கள் வெளிநாடுகளில் கிடைத்தன. அந்த நிறுவனமே 2018 இல் கொண்டுவந்த புதிய ஒற்றைக்காலில் பொதுவான கழுத்து அளவுக்கு இறங்கிவந்துவிட்டது. மாற்றுக் குழாயை வரவழைக்கலாமா என்று இளையவன் கேட்டான்.

"செருப்புக்குத் தகுந்த மாதிரி காலை வெட்டறதா?" என்றார் மூத்தவர். "லேத்து இருக்குது. காலுக்குத் தகுந்த செருப்பைச் செய்யலாம்."

பழைய அலுமினியச் சட்டகத்தின் தலைக்குழாயை அறுத்தெடுத்து மாதிரியாக வைத்துக்கொண்டோம். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் மூன்று சனிக்கிழமைகள் அலைந்து, தடித்த சுவருள்ள பற்றில்லா உருக்குக் குழாய்த் துண்டு ஒன்றை எடை போட்டு வாங்கினோம். மற்றக் குழாய்கள் குரோமியமும் மாலிப்டினமும் கலந்த 4130 வகை உருக்கு. முன்கவை முழுதும் நீண்ட நிலையில் எவ்வளவு உயரம், சக்கரத்தோடு எவ்வளவு என்பதைத் தரையில் சுண்ணக்கட்டியால் முழு அளவில் வரைந்தோம். முன்பக்கத்தின் உயரம் 20 மில்லிமீட்டர் மாறினால் தலைக்குழாயின் சாய்வு ஏறக்குறைய ஒரு பாகை மாறும். ஒரு பாகை மாறினால் இறக்கத்தில் வண்டியின் குணமே மாறும். இடப்பக்கம் கைப்பிடியை முழுதும் திருப்பினால் அந்தக் கால் பின்னால் வந்து சட்டகத்தைத் தொடும் என்பதையும் சுண்ணக்கட்டிக் கோடுகள்தாம் காட்டின. அந்த இடத்துக்கு ஒரு ரப்பர் மெத்தை என்று குறித்துக்கொண்டோம்.

வேலை நாள்களில் இளையவனுக்குக் கல்லூரி. சனி, ஞாயிறுகளில் பட்டறை. அளவெடுக்கும்போதெல்லாம் மூத்தவர் வெர்னியரை அவன் கையில் கொடுத்து, "நீ படிச்சவன், நீயே படி" என்பார். நாற்பது ஆண்டுகளாகப் பிறரைத் தொடவிடாத கருவியை ஒரு தமிழாசிரியன் கையில் கொடுக்கிறாரே என்று அவன் உள்ளூர மகிழ்ந்தான். ஏன் கொடுக்கிறார் என்று யோசிக்கவில்லை.

*

தலைக்குழாயை முதலிலேயே இறுதி அளவுக்குக் கடைந்துவிடக்கூடாது. பற்றவைக்கும் நெருப்பில் எந்தக் குழாயும் கொஞ்சம் கோணும், வட்டம் முட்டையாகும். ஆகவே உள்விட்டத்தில் அரை மில்லிமீட்டர் மிச்சம் வைத்துக் கடைந்து, மேற்குழாயையும் கீழ்க்குழாயையும் பித்தளையால் பற்றவைத்து, ஆறிய பிறகு இறுதியாகக் கடையவேண்டும்.

முக்கோணமாகிவிட்ட சட்டகத்தை எப்படிக் கடைவது? லேத்தில் அதைச் சுழற்றமுடியாது. மூத்தவர் முறையைத் தலைகீழாக்கினார். வெட்டுமுனை பொருத்திய நீண்ட தண்டை இரு மையங்களுக்கிடையே மாட்டிச் சுழலவிட்டார். பின்பகுதி இன்னும் பற்றவைக்காத சட்டகத்தை, தலைக்குழாய் அந்தத் தண்டின்மேல் கோத்திருக்கும்படி கேரேஜில் கட்டினார். இப்போது சுழல்வது கருவி, நகர்வது பொருள். மேலும் கீழும் உள்ள இரண்டு பேரிங் இருக்கைகளும் ஒரே தண்டால், ஒரே கட்டில் வெட்டப்படுவதால் இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் அமையும். கழற்றித் திருப்பிக் கட்டியிருந்தால் அது உறுதியில்லை.

கடைசி வெட்டுகள் சில மைக்ரான் அளவில் நடந்தன. டயல் கேஜின் முள்ளை இளையவன் படித்துச் சொல்ல, மூத்தவர் விரல்நுனியால் திருகினார். மாலை ஆறு மணிக்குப் பேரிங்கை எடுத்து விளிம்பில் வைத்தார். அது விழவுமில்லை, தள்ளாடவுமில்லை. மரச்சுத்தியால் நான்கு தட்டு. ஒரே ஓசையோடு இறங்கி அமர்ந்தது. கழுத்துக்குழாயைச் செருகி ஒற்றைக்காலைப் பற்றிகளில் முடுக்கினோம். விரலால் தொட்டால் திரும்பியது. ஆட்டிப் பார்த்தால் அசைவில்லை. அன்று இரவு காந்திபுரத்தில் இருவரும் புரோட்டா தின்றுவிட்டு வீடு திரும்பினோம்.

மறுநாள் காலை இளையவன் பட்டறைக்குப் போனபோது மூத்தவர் சட்டகத்தைத் தலைகீழாக வைசில் கட்டியிருந்தார். கையில் இரும்பறுக்கும் ரம்பம். கீழ்க்குழாய் தலைக்குழாயைத் தொடும் மூட்டின் அடிப்புறத்தில் விரல்நுனியை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"இங்க தொட்டுப் பாரு கண்ணு."

தொட்டுப் பார்த்தான். மற்ற இடங்களில் பித்தளை உருக்கோடு மெல்லச் சரிந்து, எங்கே முடிகிறது என்று தெரியாதபடி மறைந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் விரலளவு நீளத்துக்கு ஒரு விளிம்பு தட்டுப்பட்டது. தாமரை இலையில் நீர் நிற்பதுபோல் பித்தளை நின்றிருந்தது.

"பாக்கறதுக்கு நல்லாத்தானுங்கண்ணா இருக்குது."

"வெளிய நல்லாத்தான் இருக்குது. உள்ள போயிருக்கோணுமல்லோ?"

"மேலயே இன்னொரு தடவை சூடு பண்ணி ஓட்டிவிட்டா ஆகாதுங்களா? மூணு மாச வேலைங்கண்ணா."

அவர் பதில் சொல்லவில்லை. ரம்பத்தை வைத்து இழுக்கத் தொடங்கினார். இருபது நிமிடங்களில் மூட்டு இரண்டு துண்டாயிற்று. வெட்டுமுகத்தில், மஞ்சளாக இருந்திருக்கவேண்டிய இடத்தில், கருகிய வெண்காரம் படிந்த ஒரு கறுத்த பிளவு தெரிந்தது. பித்தளை மேலே மூடியிருந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. உருக்குக்குச் சூடு போதாத இடத்தில் பித்தளை உருகி விழுந்தால் ஒட்டியதுபோல் காட்டுமேயன்றி ஒட்டாது. அந்த அழுக்கின்மேல் இன்னொருமுறை ஓட்டினாலும் நம்பிக்கை இல்லை. முன்சக்கரம் ஒரு கல்லில் மோதினால் அந்த விசை முழுதும் நெம்புகோல்போல் வந்து விழும் மூட்டு அதுதான். அமுங்கும் முன்கவை நீளமானது என்பதால் நெம்புகோலும் நீளம்.

வெகுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு மூத்தவர் சொன்னார். குரலில் குற்றம் ஒப்புக்கொள்ளும் பணிவு இருந்தது; அந்தக் குரலை இளையவன் அதற்குமுன் கேட்டதில்லை.

"நெருப்புல இரும்போட நிறம் தெரியல கண்ணு. ஒரு வருஷமாவே எல்லாம் பொகை மூட்டமாத்தான் தெரியுது. வெளிய சொன்னா வேலை குடுக்கறவன் யோசிப்பான். உங்க அண்ணிக்குச் சொன்னா அழுவா. அதான் வெர்னியர உன்ற கையில குடுத்தேன்."

*

இதற்கு என்ன பதில் சொல்வது? நாற்பது ஆண்டுகளாக எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அவர் கொடுப்பார், இளையவன் பெற்றுக்கொள்வான். படிப்புக் கட்டணம், விடுதிச் செலவு, முதல் வேலைக்குச் சேரும்போது போட்டுக்கொண்ட சட்டை, எல்லாம் அந்த லேத்திலிருந்து வந்தவை. திருப்பிக் கொடுக்க இளையவன் முயன்றபோதெல்லாம் அவர் சிரித்துத் தள்ளிவிட்டார். அவர் கேட்காமலே ஒன்றை அவனிடம் வாங்கிக்கொண்டிருந்தார் என்பதும், அது அவனுடைய கண் என்பதும் அந்தக் காலையில்தான் தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்கண்ணா."

"போலாம். இத முடிச்சுட்டு."

அந்த வாரம் இளையவனின் மேசைமேல் ஓர் ஆய்வு மாணவியின் இயல் ஒன்று கிடந்தது. படித்துவிட்டான், அடுத்த கட்டத்துக்கு அனுப்பக் கையொப்பம் மட்டும் பாக்கி. பார்க்க நன்றாக இருந்தது. மேற்கோள்கள் வரிசையாக இருந்தன. பத்திகள் ஒழுங்காக இருந்தன. ஆனால் மேற்கோளுக்கும் அவள் சொன்ன முடிவுக்கும் இடையில் எங்கோ ஒரு விளிம்பு தட்டுப்பட்டதை அவன் முன்பே உணர்ந்திருந்தான். காலக்கெடுவை எண்ணிப் பேசாமலிருந்தான். திங்கள்கிழமை அந்த இயலைத் திருப்பிக் கொடுத்தான். அவள் முகம் சுருங்கியது. இரண்டு மாதங்கள் கழித்துத் திருத்திக் கொண்டுவந்தபோதும் அவள் நன்றி சொல்லவில்லை. சொல்லவேண்டியதுமில்லை. முதல்முறையே சொல்லியிருக்கவேண்டியவன் அவன்தான்.

இரண்டாம் முறை புதிய தலைக்குழாய் கடைந்தோம். பற்றவைக்கும் நாளன்று பட்டறைக் கதவைச் சாத்தி வெளிச்சத்தைக் குறைத்தோம். மூத்தவர் வாயுத்தீக் குழலைப் பிடித்தார். இளையவன் அவர் தோளருகில் நின்று கண்ணானான். முந்தைய இரண்டு ஞாயிறுகளிலும் அதற்கான பாடம் நடந்திருந்தது. பழைய குழாய்த் துண்டுகளைச் சுடவைத்து, நிறங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச்சொன்னார். பித்தளை உருகி ஓட ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வேண்டும். வெப்பமானி அவரிடம் இல்லை, சொற்கள் இருந்தன.

"மொதல்ல வெண்காரம் பொரிஞ்சு வெள்ளையா நிக்கும். அப்பறம் கண்ணாடியாட்டம் உருகும். அதுக்கு மேல இரும்பு கோவப்பழ நிறத்துக்கு வரும். அத நீ சொல்லோணும். நான் கம்பிய வெப்பேன். பித்தளை தானா ஓடுச்சுன்னா சரி. உருண்டு நின்னா நிறுத்துன்னு கத்து. வெள்ளைப் பொகை வந்தா சூடு அதிகம், துத்தநாகம் எரியுதுன்னு அர்த்தம்."

கோவைப்பழத்தை உவமையாக எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருந்த ஒருவனுக்கு, அந்த நிறம் சரியாக எது என்பதைச் சொல்லவேண்டிய கட்டாயம் அன்றுதான் ஏற்பட்டது. "உருகிருச்சு... இன்னும் கருப்பு... இப்பத்தான் சிவக்குது... இன்னும் கொஞ்சம்... வந்துருச்சுங்கண்ணா!" கம்பி தொட்டது. பித்தளை நின்று யோசிக்காமல் மூட்டுக்குள் ஓடி மறைந்தது. கீழ்க்குழாயின் அடிப்புறத்துக்கு வந்தபோது எங்கள் இருவருக்குமே கை நடுங்கியது. அந்த விரலளவு இடத்தில் மூன்றுமுறை, "இன்னும் இல்லைங்கண்ணா" என்றான் இளையவன். மூன்றுமுறையும் அவர் காத்திருந்தார்.

*

சட்டகம் முடிந்த பிறகு இரண்டு மாதங்கள் வண்ணம் பூசவில்லை. வண்ணம் விரிசலை மறைக்கும். மகன் விடுமுறையில் வந்து நச்சரித்தபோதும் மூத்தவர் வண்டியைத் தரவில்லை. தாமே ஓட்டினார். பட்டறைப் படியிறங்கினார்; கேரியர் கட்டி அரிசி மூட்டை ஏற்றி, குண்டும் குழியுமான தெருக்களில் போனார். ஐம்பத்தேழு வயதில் ஒற்றைக்கால் வண்டியில் மூட்டையோடு போகும் மனிதரைத் தெரு நின்று பார்த்தது. ஞாயிறுதோறும் மூட்டுகளில் மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சுண்ணக்கட்டிப் பொடி பூசிவைப்போம். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெண்பொடியில் ஒரு கோடு போடும். எட்டு ஞாயிறுகளிலும் பொடி வெள்ளையாகவே இருந்தது.

எடைபோட்டபோது பழைய சட்டகத்தைவிட ஏறக்குறைய ஒரு கிலோ கூடுதல். தலைக்குழாயின் சுவரை இன்னும் மெலிதாக்கியிருக்கலாம் என்று மகன் சொன்னான். "அந்த ஒரு கிலோ எனக்காக வெச்சது, உனக்காக இல்ல" என்றார் தந்தை.

2023 கார்த்திகையில் வண்டி மகன் கைக்கு வந்தது. அவன் எடைக்கேற்ப ஒற்றைக்காலில் காற்றடித்து, ஏறி உட்கார்ந்தால் மொத்த அமுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் இறங்கும்படி வைத்தோம். மணிக்கட்டு வலிக்கிறதா என்று கேட்டோம். இல்லை என்றான். அண்ணியார் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு ஓர் எலுமிச்சம்பழத்தோடு வந்து, வாசற்படிக்கு வெளியே முன்சக்கரத்தின் கீழ் அதை வைத்தார். "இன்னொரு காலு எங்க?" என்று கேட்டார். யாரும் விளக்கமுடியவில்லை. மகன் பழத்தை நசுக்கிக்கொண்டு மருதமலைச் சாலை பார்க்கப் போனான். திரும்பி வரும்வரை அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

அதற்கடுத்த வாரம் மூத்தவரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். இரண்டு கண்ணிலும் புரை. ஒரு மாத இடைவெளியில் இரண்டையும் எடுத்துவிட்டு வில்லை வைத்தார்கள்.

இரண்டாவது கட்டு அவிழ்த்த சில நாள்களில் மகன் ஊருக்கு வந்திருந்தான். மூட்டுகளின் பித்தளை தெரியவேண்டும் என்று நிறமற்ற மெருகு மட்டுமே பூசியிருந்த வண்டியை மூத்தவர் வெயிலில் நிறுத்திச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். கீழ்க்குழாயின் அடிப்புறத்துக்குக் குனிந்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த இடத்தில் பித்தளையை அரத்தால் ராவி மழுப்பியது இளையவன்.

"ஓட்டு நல்லா ஓடியிருக்குது," என்றார். பிறகு நிமிர்ந்து இளையவனைப் பார்த்தார். "ஆனா இத்தனை அரத்தழும்ப எப்படிடா விட்டே? வண்டியக் குடு, ஒரு நாள்ல சரி பண்ணித் தந்தர்றேன்."

மகன் வண்டியைத் தரவில்லை. அது இப்போதும் அந்தத் தழும்புகளோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.